மரியா மாண்டிசோரி: ஆறு வயதோடு முடியாத கதை

ஆகஸ்டு 31 என்றதும் நமக்கெல்லாம் தேசிய நாள்தான் நினைவுக்கு வரும். கொடி, அணிவகுப்பு, பள்ளி விடுமுறை. நம் நாடு விடுதலை பெறுவதற்கு 87 ஆண்டுகளுக்கு முன்பு, 1870ஆம் ஆண்டு அதே நாளில், இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் குடும்பப் பெயர் இன்று நம் தாமான்களின் மூலை வீடுகளிலும் கடைவீட்டு மாடிகளிலும் வண்ண எழுத்துகளில் தொங்குகிறது. மாண்டிசோரி.

பெயரைத் தெரியாதவர் இல்லை. ஆளைத் தெரிந்தவர் குறைவு. நான் பாலர் கல்வியைத் துறையாக எடுத்துப் படித்த காலத்தில் விடுதித் தோழிகள் பலர் அதை ஒரு நிறுவனத்தின் பெயர் என்றே நினைத்திருந்தனர். ஒருத்தி ஏதோ இத்தாலிய உணவு என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். உண்மையில் இந்தப் பெயருக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் எழுந்த ஒரு வணிகச் சின்ன வழக்கில், இது பொதுச்சொல்லாகிவிட்டது, எந்த அமைப்பும் தனக்கு மட்டும் என்று கோர முடியாது எனத் தீர்ப்பானது. ஆகவே யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். நான் செய்முறைப் பயிற்சிக்குச் சென்ற ஓரிடத்தில் அம்மையார் பலகையில் மட்டும்தான் இருந்தார். கற்றல் கருவிகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன. பெற்றோர் வரும் நாளில் அவை வெளியே வரும். அலமாரிப் பூட்டைப் பற்றி அம்மையாருக்கு என்ன கருத்து இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மரியாவின் தந்தை அலெசாந்திரோ அரசாங்க அதிகாரி. பழைமையில் பிடிப்புள்ளவர். தாய் ரெனில்டே புத்தகப் பிரியர். மகள் எதையும் படிக்கட்டும் என்பது தாயின் எண்ணம். குடும்பம் 1875இல் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண் என்றால் ஆசிரியை ஆகலாம், அவ்வளவுதான் என்றிருந்த காலம் அது. மரியாவோ ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து, பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். பிறகு மனம் மாறி மருத்துவம் என்றார். தந்தைக்குச் சினம். முதலில் அறிவியல் பாடங்களைப் படித்துத் தேறி, 1893இல் ரோம் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவுக்குள் நுழைந்தார். எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் உலகின் மூத்த கல்வியாளராக அறிமுகமாகும் இவர், இளமையில் ஆசிரியை ஆவதை மட்டும் வேண்டாம் என்றிருந்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மருத்துவ வகுப்பில் பிரேதப் பரிசோதனைப் பாடம் ஒரு சிக்கலாயிற்று. ஆடையற்ற உடலைச் சுற்றி ஆண்களும் ஒரு பெண்ணும் சேர்ந்து நிற்பது முறையன்று என்றார்கள். எனவே மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகு, மாலை வேளையில், பிணங்களுக்கு நடுவே அவர் தனியாக நின்று படித்தார். நாற்றம் தாங்காமல் புகையிலை புகைத்தார். 1896இல் மருத்துவரானார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. அவருக்கு முன்பும் ஒரு சிலர் இருந்தனர். முதல் சிலருள் ஒருவர் என்பதே பொருத்தம். அவருடைய பெருமைக்கு அதுவே போதும். அதே ஆண்டு பெர்லின் நகரில் நடைபெற்ற அனைத்துலக மகளிர் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு, உழைக்கும் பெண்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் உதவி மருத்துவராகப் பணியாற்றியபோது, ரோம் நகரின் மனநலக் காப்பகங்களுக்குச் செல்வது அவருடைய வேலை. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களோடு ஒன்றாக அடைத்து வைத்திருந்தனர். வெற்று அறை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள்கூடக் கிடையாது. உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி விளையாடுவதைக் காப்பாளர் அருவருப்போடு சொன்னாராம். மாண்டிசோரி அதை வேறு விதமாகப் பார்த்தார். இந்தக் குழந்தைகளுக்குப் பசி வயிற்றில் இல்லை, விரல் நுனியில் இருக்கிறது. தொட்டு, திருப்பி, அடுக்கிப் பார்க்க ஏதாவது கிடைக்காதா என்று தேடுகிறார்கள்.

அவர் நூலகத்திற்குச் சென்றார். இடார்ட், செகின் ஆகிய இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இத்தகைய குழந்தைகளுக்குப் புலன்களின் வழியே கற்பித்திருந்தனர். அவர்களுடைய எழுத்துகளைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். அவசரமாகப் படித்துவிடக் கூடாது, ஒவ்வொரு சொல்லையும் எடை போட வேண்டும் என்பதற்காக. நகல் இயந்திரத்தில் அத்தியாயங்களைப் படியெடுத்து, படிக்காமலேயே கோப்பில் அடுக்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

1900ஆம் ஆண்டு இத்தகைய குழந்தைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்குமான பயிற்சிப் பள்ளி ஒன்று ரோம் நகரில் தொடங்கப்பட்டது. மாண்டிசோரி அதன் இணை இயக்குநர். பகல் முழுவதும் குழந்தைகளோடும், இரவில் குறிப்புகளோடும் உழைத்தார். படிக்கவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட சில பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகளோடு அமர்ந்து எழுத்துத் தேர்வில் தேறினார்கள். நாடே வியந்தது. ஆனால் அவருக்கு வந்த ஐயம் வேறு. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடிந்தால், நல்ல உடல்நலமும் அறிவும் உள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்குக் கீழே பிடித்து வைத்திருக்கின்றன? பாராட்டு விழாவில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்பவர்கள் அரிது.

இந்தப் பள்ளியின் மற்றோர் இயக்குநர் மருத்துவர் ஜூசெப்பே மொந்தெசானோ. இருவரும் காதலித்தார்கள். 1898 மார்ச் 31இல் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ. திருமணம் நடக்கவில்லை. காரணங்களைப் பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். மணம் முடித்தால் அவர் தொழிலை விட வேண்டியிருக்கும் என்பதும், மணமில்லாமல் தாயானது வெளியே தெரிந்தாலும் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் அக்காலத்து இத்தாலியின் நிலை. குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1901இல் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். மாண்டிசோரி அந்தப் பள்ளியை விட்டே விலகினார். அவ்வப்போது நாட்டுப்புறத்துக்குச் சென்று மகனைப் பார்ப்பார். தாம் யார் என்று சொல்ல மாட்டார்.

உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அன்னை என்று அவரைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவதைக் கண்டிருக்கிறேன். வேறு சிலர் இதையே பிடித்துக்கொண்டு, தன் பிள்ளையை வளர்க்காதவர் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாமா என்கிறார்கள். ஒரு சமுதாயம் தாயையும் பிள்ளையையும் பிரித்துவிட்டு, பழியை மட்டும் தாயின் தலையில் ஏற்றுவது புதிதன்று. தந்தையைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

1907க்கு வருவோம். ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்பு. ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த வீடுகளைச் சீரமைத்துக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. பெற்றோர் வேலைக்குப் போனதும், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கினார்கள். சுவர் வீணாகிறதே என்ற கவலையில்தான் நிறுவனத்தார் அந்தப் பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். உலகப் புகழ் பெற்ற ஒரு கல்விமுறை சுண்ணாம்புச் சுவரைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கியது என்றால் நம்புவது கடினம்தான்.

அவ்வாண்டு ஜனவரி 6இல் மார்சி தெருவில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. மூன்று முதல் ஆறு வயது வரையிலான ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அழுகையும் அச்சமுமாக வந்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடையாது. கட்டடக் காவலரின் மகள்தான் அவர்களைப் பார்த்துக்கொண்டார். மாண்டிசோரி அவருக்குப் பெரிய பாடத்திட்டம் எதையும் தரவில்லை. தாம் உருவாக்கிய பொருள்களைக் கொடுத்து, பயன்படுத்தும் முறையைக் காட்டிவிட்டு, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லச் சொன்னார். நோயாளியை மருத்துவர் பார்ப்பது போலத்தான் அவர் வகுப்பறையைப் பார்த்தார். முதலில் கவனிப்பு. மருந்து பிறகு.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்துக் கலைத்து மறுபடியும் தொடங்கினாள். மாண்டிசோரி எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார். சிறுமி நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவள் போல முகம் மலர்ந்து நிறுத்திக்கொண்டாள். சிறு பிள்ளைகளுக்குக் கவனம் நிற்காது என்று நாம் சொல்வது பொய் என்று அன்று தெரிந்தது. கவனம் நிற்பதற்கு ஏற்ற வேலையை நாம் கொடுப்பதில்லை, அல்லது கொடுத்துவிட்டு நடுவில் குறுக்கிடுகிறோம்.

இனி அந்தப் பூட்டு. கருவிகள் ஒரு பெரிய அலமாரியில் இருந்தன. ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பார், திரும்ப வாங்கி வைப்பார். ஒருநாள் அவர் தாமதமாக வந்தார். முதல் நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால் பிள்ளைகள் கதவைத் திறந்து, அவரவர்க்கு வேண்டியதை எடுத்துப்போய் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். இது திருட்டு, தண்டிக்க வேண்டும் என்பது ஆசிரியையின் கருத்து. பிள்ளைகளுக்கு எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது, தமக்கு எது தேவை என்பதும் தெரிகிறது என்பது மாண்டிசோரியின் கருத்து. அதன் பிறகு அலமாரி போய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் திறந்த தட்டுகள் வந்தன. அவர்கள் உயரத்துக்கு ஏற்ற மேசை, நாற்காலிகளையும் செய்வித்தார்.

எழுத்து வந்த கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆறு வயதுக்கு முன் எழுதப் படிக்கக் கற்பிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. பிள்ளைகளின் தாய்மார்தாம் கேட்டுக்கொண்டார்கள். எனவே உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் எழுத்தை விரலால் தடவி, அதன் பெயரையன்று, ஒலியைச் சொன்னார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிகள் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். விரலுக்கு முதலிடம் என்பதில் இரண்டும் ஒன்று. அங்கே ஆசான் சொன்னபடி எல்லாரும் எழுத வேண்டும். இங்கே எப்போது, எந்த எழுத்து என்பது பிள்ளையின் விருப்பம். இது சிறிய வேறுபாடன்று.

வெயில் அடித்த ஒரு டிசம்பர் நாளில் பிள்ளைகளோடு மாண்டிசோரி மொட்டைமாடியில் இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்து முடித்ததும் பாராட்டினார். சிறுவன் ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு தனக்கு எழுத வருகிறது என்று கூவியபடி தரையில் கை என்ற சொல்லை எழுதினான். அடுத்துப் புகைபோக்கி, கூரை. மற்றப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சுண்ணக்கட்டி கேட்டார்கள். அன்றிலிருந்து கதவு, சுவர், தரை எங்கும் எழுத்து. சுவரைக் காப்பாற்ற இல்லம் நடத்திய நிறுவனத்தார் என்ன நினைத்தார்களோ!

இதில் மாயம் எதுவும் இல்லை. இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தும். ஒலியைத் தெரிந்த பிள்ளை சொல்லைக் கட்டிவிடலாம். தமிழும் இந்த வகையில் வசதியான மொழி. ஒரே ககரம் இடத்திற்கேற்ப ஒலி மாறுவது போன்ற சில இடர்கள் உண்டு என்றாலும், பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் பிடிபட்டால் மற்றவை அவற்றின் கூட்டு. 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்க வைத்த பிறகே சொல்லுக்குப் போவது என்னும் வழக்கத்தை நான் என் வகுப்பில் பின்பற்றுவதில்லை.

அதன் பிறகு வந்த புகழை விரைவாகச் சொல்லிவிடலாம். 1909இல் முதல் நூல். 1912இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. 1913இல் முதல் அனைத்துலகப் பயிற்சி ரோம் நகரில் நடந்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையை அமைத்து, பிள்ளைகள் படிப்பதைக் கூட்டம் கூட்டமாக மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கில்பாட்ரிக் 1914இல் எழுதிய சிறு நூலில், இவருடைய உளவியல் காலத்திற்குப் பிந்தியது என்று சாடினார். அமெரிக்க ஆர்வம் வந்த வேகத்திலேயே வடிந்தது. மருத்துவத் தொழிலை விட்டுவிட்ட அவருக்குப் பயிற்சியும் நூல்களும் கருவிகளுமே வருவாய். தம் முறையைப் பிறர் கைவைக்க விடாமல் இறுக்கிப் பிடித்தார் என்ற குறையில் ஓரளவு உண்மை இருக்கிறது.

1912 டிசம்பரில் தாய் ரெனில்டே காலமானார். அடுத்த ஆண்டு, பதினைந்து வயது மரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். அதன் பிறகு இருவரும் பிரியவில்லை. ஆனால் வெளியுலகத்திற்கு அவன் மருமகன் முறை உறவினன், சில வேளைகளில் வளர்ப்பு மகன்.

முசோலினியோடு அவர் கொண்ட தொடர்பையும் மறைப்பதற்கில்லை. 1924இல் அவரைச் சந்தித்தார். அரசாங்க ஆதரவில் பள்ளிகள் பெருகின. பிள்ளைகளுக்கு நல்லது நடக்கும் என்றால் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார் போலும். சிந்திக்கும் பிள்ளை ஒரு சர்வாதிகாரிக்கு எதற்கு? 1934இல் உறவு முறிந்து அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். பள்ளிகள் மூடப்பட்டன. பார்சிலோனாவில் வாழ்ந்தார். 1936இல் அங்கே உள்நாட்டுப் போர். இங்கிலாந்து வழியாக நெதர்லாந்துக்குச் சென்றார். கிட்டத்தட்ட எழுபது வயதில் கையில் பெட்டியோடு நாடு நாடாகப் போனவர் இவர்.

அப்போதுதான் நம் கதைக்குள் சென்னை வருகிறது. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாசேத்திராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவியும் அழைக்க, 1939இன் இறுதியில் மரியோவோடு அடையாற்றுக்கு வந்தார். சில மாதங்களில் திரும்புவதாகத் திட்டம். முதல் பயிற்சிக்கு முந்நூறுக்கும் அதிகமானோர் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து வந்தார்கள். ஓலைக் கொட்டகையில் வகுப்பு. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். முதியவரான மாண்டிசோரி அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டு 31 அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். அன்று இந்திய அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை அனுப்பி வைப்பதாக அதில் இருந்தது. மரியோ விடுதலையாகி வந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகளாகத் தாயால் வெளியில் சொல்ல முடியாமல் இருந்த ஒரு சொல்லை, அவரைச் சிறைவைத்த அரசாங்கம் ஒரு தந்தியில் எழுதிவிட்டது.

1942இல் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தில் சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. நம் தாத்தா பாட்டிமார் இங்கே ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கு தின்ற அதே காலம். தாயும் மகனும் கோடைக்கானல் மலைக்குச் சென்றார்கள். இரண்டு ஆண்டுகள் அங்கே. இலங்கையைச் சேர்ந்த ஆசிரியை லேனா விக்கிரமரத்னவின் துணையோடு சிறு பள்ளி ஒன்றை நடத்தினார்கள். பல நாட்டுப் பிள்ளைகள், பல வயதினர். சுற்றிலும் காடு, ஓடை, பூச்சி, பாறை. தொடக்கப்பள்ளி வயதுக்கான கருத்துகளை அவர் 1916 முதலே எழுதி வந்தார். இருந்தாலும் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரைக்குமான கல்வி முழு உருப்பெற்றது இந்த மலையில்தான் என்பது மாண்டிசோரி வரலாற்றை அறிந்தோர் ஒப்புக்கொள்வது.

இதைத்தான் நம்மவர் பலர் அறியாதிருக்கின்றனர். மாண்டிசோரி என்றால் பாலர் பள்ளி, ஆறு வயதோடு முடிந்தது, பிறகு வழக்கம்போல வரிசையில் உட்கார்ந்து பயிற்சிநூல் எழுத வேண்டியதுதான் என்ற எண்ணம் இருக்கிறது. நான் படித்த நாள்களில் ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வை நோக்கி ஓடினோம். அந்தத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. ஓட்டம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. மாண்டிசோரி அம்மையாரோ ஆறு வயதில் பிள்ளையே மாறிவிடுகிறது என்றார். அதுவரை சுற்றியுள்ள எல்லாவற்றையும் முயற்சியின்றி உறிஞ்சிக்கொண்ட மனம், இப்போது ஏன், எப்படி என்று கேட்கிறது. பல் விழுகிறது. கூட்டாளி தேவைப்படுகிறது. இது நியாயமா என்று கேள்வி எழுகிறது. ஆசிரியரிடம் கோள்மூட்ட வரும் பிள்ளை உண்மையில் நீதியைத் தேடி வருகிறது என்று அவர் விளக்குவதைப் படித்தபோது, என் வகுப்பின் பாதித் தலைவலிக்குக் காரணம் புரிந்தது.

இந்த வயதுக்கு அவர் தந்ததற்குப் பிரபஞ்சக் கல்வி என்று பெயர். பாடங்களைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல், முதலில் முழுமையைக் கதையாகச் சொல்வது. அண்டம் தோன்றிய கதை, உயிர் வந்த கதை, மனிதன் வந்த கதை, எழுத்தின் கதை, எண்ணின் கதை. ஒவ்வொரு கதையிலிருந்தும் வேதியியல், தாவரவியல், வரலாறு, இலக்கணம், கணிதம் கிளை பிரியும். எந்தக் கிளையில் முதலில் ஏறுவது என்பதைப் பிள்ளைகள் குழுவாகத் தீர்மானிப்பார்கள். புத்தகத்தில் விடை கிடைக்காவிட்டால் வெளியே சென்று, தெரிந்தவரிடம் கேட்டு வருவார்கள். மாண்டிசோரி ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் இருந்தபோது, புவியின் வயதைக் காட்ட மிக நீண்ட கறுப்புத் துணியைச் சாலையில் விரிக்கச் செய்தாராம். அதன் கடைசி விளிம்பில் ஒரு மெல்லிய கோடுதான் மனித இனத்தின் காலம். எம் நாகரிகம்தான் மூத்தது, உம்முடையது இளையது என்று வாதிட்டுக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். கல்தோன்றி மண்தோன்றா என்று மேடையில் முழங்கும் நம் பேரவை நண்பர்களுக்கு இந்தத் துணியைக் காட்ட எனக்கு நெடுநாள் ஆசை.

கருவிகளும் பிள்ளையோடு வளர்கின்றன. ஈருறுப்புக் கனசதுரம் என்று ஒன்று இருக்கிறது. சிவப்பு, நீலம், கறுப்பு வண்ணம் பூசிய எட்டு மரத்துண்டுகள். நான்கு வயதுப் பிள்ளை வண்ணத்தைப் பொருத்தி அவற்றை ஒரு பெட்டிக்குள் அடுக்கும். அதற்கு அது ஒரு புதிர் விளையாட்டு. அதே பெட்டியைத் தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்பில் மறுபடியும் திறப்பார்கள். பெரிய சிவப்புக் கனசதுரம் ஏ மும்மடி. சிறிய நீலக் கனசதுரம் பி மும்மடி. இடையிலுள்ள ஆறு துண்டுகளில் மூன்று ஏ இருமடி பி, மூன்று ஏ பி இருமடி. நாம் படிவம் நான்கில் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த வாய்பாடு, அந்தப் பிள்ளையின் கைக்கு ஆறு ஆண்டுகளாகத் தெரிந்த பொருள். இலக்கணமும் இப்படித்தான். பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம். அசையாமல் நிற்பது முக்கோணம், உருண்டு போவது வட்டம். தமிழ் வாக்கியங்களின் மேல் இந்தச் சின்னங்களை வைத்து விளையாடவிட்டுப் பாருங்கள். எச்சமும் முற்றும் அச்சுறுத்தாமல் அறிமுகமாகின்றன. இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். எச்சத்திற்கு மட்டும் நாமே ஒரு சின்னம் உருவாக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் அரைவட்டம் என்று முடிவு செய்தார்கள்.

இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். 1944இல் கொழும்பிலும் பயிற்சி நடத்தினார். இலங்கையில் இன்றும் பாலர் பள்ளியைப் பொதுவாகவே மொண்டிசோரி என்றழைக்கும் வழக்கம் உண்டு. தொடக்கப்பள்ளிக் கல்வி பற்றிய அவருடைய முக்கிய நூல் 1948இல் அடையாற்றில் வெளிவந்தது. உறிஞ்சும் மனம் பற்றிய புகழ்பெற்ற நூல் அகமதாபாத் விரிவுரைகளிலிருந்து பிறந்து, 1949இல் சென்னையில் அச்சேறியது. உலகெங்கும் பயிற்சி ஆசிரியர்கள் படிக்கும் இந்த நூல்கள் முதன்முதலில் தமிழ்நாட்டில் வெளிவந்தவை. ஆனால், என் படிப்புக் காலத்தில் ஒரு விரிவுரையிலும் இதை யாரும் சொல்லவில்லை.

போர் முடிந்து 1946இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. பிறகு 1990இல் இத்தாலி அவருடைய முகத்தை ஆயிரம் லீரா தாளில் அச்சிட்டது. யூரோ வரும்வரை அது புழக்கத்தில் இருந்தது.

வாழ்வின் கடைசி நாள்களில் நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் இருந்தார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது பற்றி மரியோவிடம் பேசிக்கொண்டிருந்தார். வயது 81. 1952 மே 6இல் அங்கேயே உயிர் பிரிந்தது. அதே ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இறந்த இடத்திலேயே புதைக்கப்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். உயிலைத் திறந்து பார்த்தபோது, தம்முடையவை அனைத்தையும் மரியோவுக்கே எழுதி வைத்திருந்தார். மருமகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோ அதில் இல்லை. மகன் என்றே இருந்தது. அந்த மகன் 1982இல் மறையும்வரை தாயின் பணியைத் தொடர்ந்தார்.